ரெண்டு போனும் ஒரு மஞ்சளும்

கோயில் யானைக்கு வடகலை நாமம் போடுவதா, தென்கலை நாமம் போடுவதா என்று சண்டை போட்டே பேர் வாங்கிய ஊர் எங்கள் காஞ்சிபுரம். அதனால் எங்கள் வீட்டில் ரெட்மியா, மோட்டோவா என்று ஒரு வழக்கு 2017-லிருந்து நிலுவையில் இருப்பதைக் கேட்டு யாரும் ஆச்சரியப்படுவதில்லை. வாதி நான். பிரதிவாதி என் தம்பி. நீதிபதி கிடையாது. அம்மா மட்டும் அவ்வப்போது, "ரெண்டு சனியனையும் தூக்கி அடுப்புல போடறேன்" என்று இடைக்காலத் தடை விதிப்பாள்.

வழக்கின் பூர்வோத்தரம் இதுதான். 2017 ஏப்ரலில் தம்பி தன் முதல் சம்பளத்தில் மோட்டோ ஜி5 வாங்கினான். 11,999 ரூபாய். அடுத்த மாசமே ரெட்மி 4 வந்தது. 6,999-லிருந்து ஆரம்பம். மூன்று ஜிபி ராம், 32 ஜிபி இடம் கொண்டது 8,999. 'மூவாயிரம் ரூபாய் மிச்சம்!' என்று என் கணக்குப்பிள்ளை மூளையில் மணி அடித்தது.

ஆனால் கையில் பணம் இருந்தால் மட்டும் போதாது, ஸார். அந்தக் காலத்தில் ரெட்மி வாங்குவது என்பது தீபாவளிக்கு ரயில் டிக்கெட் எடுக்கிற மாதிரி. மே 23, செவ்வாய்க்கிழமை, மதியம் 12 மணிக்கு அமேஸானில் முதல் விற்பனை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் வவுச்சர் பக்கத்துக்குப் பின்னால் அமேஸானை ஒளித்து வைத்துக்கொண்டு 11.59-லிருந்து எஃப்5 பட்டனைத் தட்டிக்கொண்டிருந்தேன். 12.00 - வந்தது. 12.01 - சுற்றியது. கொஞ்ச நேரத்தில் 'தீர்ந்துவிட்டது' என்றது. பின்னால் யாரோ மூச்சு விடும் சத்தம். மானேஜர்! எழுந்து நின்றேன். அவர் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அடுத்த செவ்வாய்க்கிழமை எனக்கும் சேர்த்து ஒண்ணு போடுப்பா" என்றார். மூணாவது வாரம் எனக்குக் கிடைத்தது. அவருக்குக் கிடைக்கவில்லை. அந்த வருஷம் இன்க்ரிமென்ட் ஏன் குறைந்தது என்று இன்றுவரை நான் ஆராயவில்லை.

தம்பி முதல் நாளே ஒரு வாதம் வைத்தான். "அண்ணா, மோட்டோ நம்ம ஊரு. உன்னுது ஆந்திரா." பையன் சொன்னதில் விஷயம் இருந்தது. 2015 ஆகஸ்ட்டில் லெனோவா கம்பெனி தன் போன்களையும் மோட்டோ போன்களையும் ஸ்ரீபெரும்புதூரில் ஃப்ளெக்ஸ் தொழிற்சாலையில் செய்ய ஆரம்பித்தது. அதே மாசத்தில்தான் ஷாவ்மியும் தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டினதும் வருகிற ஸ்ரீசிட்டியில் ரெட்மி செய்ய ஆரம்பித்தது. ஸ்ரீபெரும்புதூர் எங்கள் காஞ்சிபுரம் மாவட்டம். 2006-ல் அங்கே நோக்கியா வந்தபோது ஊர் ஊராக பஸ் வந்து பெண்பிள்ளைகளை ஏற்றிப் போனதும், 2014 நவம்பரில் அந்த ஆலை நின்றபோது பஸ்களும் நின்றுபோனதும் எங்களுக்குக் கதையல்ல. அதனால் 'உள்ளூர் போன்' என்ற வாதத்துக்கு எங்கள் தெருவில் கொஞ்சம் மரியாதை உண்டு. நான் பதில் சொல்லாமல், அவன் போனில் சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் கேட்டேன்.

ஏனென்றால் வித்தியாசம் அங்கேதான். மற்றபடி ரெண்டும் ஒரே பாவில் நெய்த ரெண்டு புடவை மாதிரி. ரெண்டுக்கும் ஐந்து அங்குல ஸ்கிரீன். ரெண்டுக்கும் 13 மெகாபிக்ஸல் காமிரா. மூளை அவனுக்கு ஸ்னாப்டிராகன் 430, எனக்கு 435. வாட்ஸ்அப்பில் பிள்ளையார் படம் அனுப்ப இந்த ஐந்து நம்பரால் ஒரு லாபமும் இல்லை. பேட்டரி மட்டும் அவனுக்கு 2800 மில்லி ஆம்பியர். எனக்கு 4100. அதாவது அவன் ஒரு வேளை சாப்பிட்டால் நான் ஒன்றரை வேளை சாப்பிட்டிருக்கிறேன்.

இது நிரூபணமானது அத்தி வரதர் சன்னிதியில். 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, 48 நாள். நாற்பது வருஷத்துக்கு ஒரு தடவை அனந்தசரஸ் குளத்திலிருந்து பெருமாள் வெளியே வருகிறார். 1979-ல் பார்த்த பாட்டி, "இந்தத் தடவையும் பார்த்துட்டா போதும்" என்றாள். ஆகஸ்ட்டில், நின்ற கோலத்தில் இருந்தபோது போனோம். விடியற்காலை நாலு மணிக்கு வரிசையில் நின்றோம். தம்பி, அம்மாவோடு பெண்கள் கூட்டத்தில் ஒரு பக்கம். நான் பாட்டியோடு சக்கர நாற்காலி பக்கம். போன்தான் எங்களை இணைத்த ஒரே கயிறு. டவர் கிடைக்காமல் போன் தேடித் தேடி இளைக்கும் என்பது தெரிந்ததுதானே? மத்தியானம் தம்பி போன் செத்துவிட்டது. என்னுடையதில் சாயங்காலம்கூட நாற்பது சதவீதம்.

வெற்றி என்று நினைத்தேன். ஆனால் பயல் லேசுப்பட்டவன் அல்ல. மோட்டோ ஜி5-ல் பின் மூடியை நகத்தால் நெம்பிக் கழற்றலாம். பேட்டரியைக் கையால் எடுத்து வேறு போடலாம். சட்டைப் பையில் ஒரு உபரி பேட்டரி வைத்திருந்திருக்கிறான். வரிசையில் நின்றபடியே கழற்றி, மாற்றி, என்னைக் கூப்பிட்டு, "இப்ப எனக்கு நூறு சதவீதம், உனக்கு?" என்றான். கொஞ்ச நேரத்தில் மறுபடி அழைப்பு. குரல் இறங்கியிருந்தது. "அண்ணா... மூடி கீழ விழுந்துட்டுது. லட்சம் கால் இருக்குது. எந்தக் கால்னு தேடறது?"

பாட்டி பெருமாளை ரெண்டாவது தடவையாகப் பார்த்துவிட்டாள். மோட்டோ மூணு வாரம் ரப்பர் பேண்ட் கட்டிக்கொண்டு வாழ்ந்தது.

சில்லறை விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரெண்டுக்கும் பழைய மாடல் சின்ன சார்ஜர் முனைதான்; இப்போது விருந்தாளியாகப் போகிற வீட்டில் 'அந்த ஒயர் எங்ககிட்ட இல்லீங்களே' என்கிறார்கள். ரெட்மியில் ரெண்டாவது சிம் போட்டால் மெமரி கார்டு போட முடியாது, ஒரே இருக்கை. மோட்டோவில் மூன்றுக்கும் தனித்தனி இருக்கை. ஆனால் மோட்டோவின் உள்ளே 16 ஜிபிதான். பெரியப்பா அனுப்பும் காலை வணக்கங்களுக்கே அது காணாது.

ஆளுக்கொரு வித்தையும் உண்டு. மோட்டோவைக் கையில் பிடித்து வெட்டுக்கத்தி மாதிரி ரெண்டு தரம் ஓங்கினால் டார்ச் எரியும். ரெட்மியின் நெற்றியில் இன்ஃப்ராரெட் விளக்கு இருக்கிறது, அதை டி.வி. ரிமோட்டாக வைத்துக்கொள்ளலாம். வாங்கின முதல் வாரம் ஜன்னல் வழியாக எதிர்வீட்டு சீரியலை நான் மாற்றி, அவர்கள் டி.வி. மெக்கானிக்கைக் கூப்பிட்டு... அதை விடுங்கள். எதிர்வீட்டிலும் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்கள்.

2020-ல் ஊரடங்கு வந்தது. பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தம் நின்று நான் கேட்டதேயில்லை. அந்த வருஷம் கேட்டேன். சத்தம் நின்றதைக் கேட்க முடியுமா என்று கேட்காதீர்கள். தறிக்காரன் பிள்ளையைக் கேட்டால் முடியும் என்பான்.

அப்பாவிடம் அதுவரை பட்டன் போன்தான். கடைகள் திறக்க ஆரம்பித்ததும் வியாபாரம் வாட்ஸ்அப்புக்கு மாறிவிட்டது. டிசைன் படம் வாட்ஸ்அப்பில். முன்பணம் ஜிபேயில். எனக்கு ஆபீஸ் வேலைக்காகப் புது போன் வாங்க வேண்டியிருந்தது. அதனால் ரெட்மி அப்பாவுக்குப் போயிற்று. பேட்டரி நிற்கும், ரிமோட்டாகவும் ஆகும் என்று நானே சிபாரிசு செய்தேன்.

கைரேகை மட்டும் அப்பாவுக்கு வேலை செய்யவில்லை. போன் மேல் குற்றம் இல்லை. நாற்பது வருஷம் பட்டு இழையும் ஜரிகையும் ஓடின விரலில் ரேகை எங்கே இருக்கும்? ரேஷன் கடை மிஷினிலும் இதே கதைதான். நாலு நம்பர் போட்டுத் திறக்கக் கற்றுக்கொண்டார்.

அப்பாவுக்கு ஒரு கண்ணில் புரை ஆரம்பம் என்று டாக்டர் அதற்கு முன்பே சொல்லியிருந்தார். ராத்திரியில் போனைப் பார்த்தால் கண் கூசுகிறது என்றார். ரெட்மியில் 'படிக்கும் முறை' என்று ஒன்று உண்டு. அதைத் தட்டினால் ஸ்கிரீனில் நீலம் குறைந்து, பழைய புஸ்தகத் தாள் மாதிரி இளமஞ்சளாகிவிடும். தட்டிக் கொடுத்தேன். "இப்ப எதமா இருக்குது" என்றார். நல்ல பிள்ளை என்ற திருப்தியோடு நான் பஸ் பிடிக்கப் போனேன். அதைச் சொன்ன நேரம் வந்து அணைத்துவிடும்படி வைக்கவும் இல்லை, அணைப்பது எப்படி என்று அவருக்குச் சொல்லவும் இல்லை.

2021 தை மாசக் கல்யாணத்துக்கு வேலூர்ப் பக்கத்திலிருந்து நேராக ஒரு ஆர்டர் வந்தது. கடை வழியாக இல்லாமல், சொந்தமாகப் பட்டு வாங்கி, சாயம் போட்டு, நெய்து கொடுப்பது. கூலிக்கு நெய்கிறவருக்கு இது பெரிய விஷயம். மாதிரிப் படத்தை அப்பாவுக்கு அனுப்பினார்கள். எனக்கும் ஒன்று அனுப்பினார்கள். மஞ்சள் உடல், அரக்குக் கரை, கோர்வை. கரையையும் உடலையும் தனித்தனி நாடாவால் நெய்து இழைக்கு இழை கோர்க்கிற வேலை. ஒரு ஆளால் முடியாது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நாடா தள்ளினாள். அப்பா படத்தைப் பார்த்துவிட்டுச் சாயக்காரரிடம், "மாம்பழ மஞ்சள்" என்று ஒரே வார்த்தைதான் சொன்னார். எங்கள் ஊரில் அது போதும். மயில் கழுத்து, வாடாமல்லி, எம்.எஸ். ப்ளூ - எல்லாம் ஒற்றை வார்த்தை உத்தரவுகள்.

பதினெட்டு நாளில் புடவை இறங்கியது. பெண் வீட்டார் வந்தார்கள். பிரித்தார்கள். பெண்ணின் அம்மா பையிலிருந்து ஒரு துணியை எடுத்துப் புடவை மேல் வைத்தார். எலுமிச்சை மஞ்சள்.

"நாங்க கேட்டது இதுங்க. இது மாம்பழமாச்சே."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம். அப்பா ரெண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆமாம்மா. தப்பு எம் மேலதான்" என்று சொல்லி முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தப் புடவையை ஒரு கடைக்கு ஆறாயிரம் நஷ்டத்துக்குக் கொடுத்தோம். ராத்திரி சாப்பிடும்போது, "கண்ணு போச்சுடா" என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் நேர் ஆர்டர் எதுவும் வாங்கவில்லை. முதலாளி சாயம் போட்டுக் கொடுக்கிற பாவையும் ஊடையையும் வாங்கி வந்து கூலிக்கு நெய்ய ஆரம்பித்தார். கலர் பேரையே வாயால் சொல்வதில்லை. அம்மா கடையில் புடவை எடுத்தால்கூட, "என்னைக் கேக்காத" என்று விடுவார். கண் ஆபரேஷனுக்கு நாள் குறிக்கலாமா என்று நான் விசாரித்துக்கொண்டிருந்தேன்.

ஆடி மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. தம்பி வழக்கம்போல ஆரம்பித்தான். "பேட்டரி உனக்கு. ஒத்துக்கறேன். ஆனா ஸ்கிரீன் எனக்கு. என்னுது 1920-க்கு 1080. உன்னுது 1280-க்கு 720. பக்கத்துல வெச்சுப் பார்ப்பமா?" சரி என்று அப்பாவின் ரெட்மியை எடுத்து வந்தேன். எந்தப் படத்தைப் போடுவது? புட்டா நுணுக்கமாகத் தெரிகிற படம் வேண்டும். என்னிடம் இருந்த அந்த வேலூர்ப் படத்தை அவனுக்கு அனுப்பினேன். அப்பா போனிலும் அதையே திறந்தேன்.

மோட்டோவில் எலுமிச்சை. ரெட்மியில் மாம்பழம்.

"பாத்தியா உன் போன் லட்சணத்தை!" என்று தம்பி கையைத் தட்டினான். நான் ஏதோ பதில் சொல்ல வாயெடுத்து, விரலால் மேலிருந்து இழுத்தேன். வரிசையாக பட்டன்கள். நடுவில் ஒன்று எரிந்துகொண்டிருந்தது. படிக்கும் முறை. அதை அணைத்தேன். மாம்பழம் எலுமிச்சையானது.

தம்பி கை தட்டுவதை நிறுத்திவிட்டான்.

போன் மேல் தப்பில்லை. கண் மேலும் தப்பில்லை. ஸ்கிரீன் என்பது சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று புள்ளிகளின் கூட்டு. எலுமிச்சை மஞ்சளில் கொஞ்சம் நீலம் கலந்திருக்கிறது. அதைக் குறைத்தால் மஞ்சள் கனத்துப் பழுத்துவிடும். இதையெல்லாம் தெரிந்து வைத்திருந்த நான்தான் பட்டனைத் தட்டிவிட்டு பஸ் ஏறிப் போனவன். ஏழு மாசம் ஒரு நெசவுக்காரரைத் தன் கண்ணையே நம்பாதபடி செய்திருக்கிறேன்.

சொல்வதா, வேண்டாமா என்று நான் யோசிக்கவில்லை என்றால் அது பொய். சத்தமில்லாமல் அணைத்துவிட்டு, 'கண் சரியாகத்தான் இருக்குப்பா' என்று தைரியம் சொல்லிவிடலாமே என்று அரை நிமிஷம் தோன்றியது. தம்பி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ரெண்டு போனையும் எடுத்துக்கொண்டு தறிக்குப் போனேன்.

அப்பா குழியில் கால் வைத்து நெய்துகொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை நாடா நிற்கவில்லை. ஒரு வரி, இன்னொரு வரி. பிறகு நிறுத்தினார்.

"எப்பலேர்ந்து?"

"நான் குடுத்த மாசத்துலேர்ந்துப்பா."

எழுந்து வெளியே வந்தார். வாசலில் நல்ல வெயில். "அந்தப் படத்தைக் காட்டு" என்றார். காட்டினேன். பார்த்த மாத்திரத்தில், "எலுமிச்ச" என்றார். உள்ளே போய்ப் பழைய பிஸ்கட் டப்பா ஒன்றை எடுத்து வந்தார். அதில் வருஷக்கணக்காக நெய்த புடவைகளின் மிச்ச இழைகள் முடிச்சு முடிச்சாக இருக்கும். ஒவ்வொன்றாக எடுத்து வெயிலில் பிடித்து, யாரிடமும் இல்லாமல் தனக்குத்தானே பேர் சொல்ல ஆரம்பித்தார். கிளிப்பச்சை. கத்திரிப்பூ. மெந்தியம். அரக்கு. இது கொஞ்சம் மங்கின அரக்கு. அம்மா வாசற்படியில் வந்து நின்றாள். டப்பா காலியாகிறவரை அவர் நிறுத்தவில்லை.

என்னைத் திட்டவில்லை. "அன்னிக்கே படத்தை வெயில்ல வந்து பாத்திருக்கணும். சோம்பேறித்தனம்" என்று தன்னைத்தான் திட்டிக்கொண்டார். அது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது. ஆறாயிரத்தையும் கூலியில் குறைந்ததையும் என் சம்பளத்தில் கொடுக்கிறேன் என்றேன். "குடு" என்றார். வாங்கியும் கொண்டார். அதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

பிறகு ஒரு காரியம் செய்தார். மயில் கழுத்து இழையால் நெய்த துண்டு ஒன்றை எடுத்து, ரெண்டு போனிலும் போட்டோ எடுக்கச் சொன்னார். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். திருப்பினால் நீலம், சாய்த்தால் பச்சை. மோட்டோ நீலம் என்றது. ரெட்மி பச்சை என்றது. இடம் மாற்றி எடுத்தால் அப்படியே தலைகீழாகச் சொன்னது. அப்பா சிரித்தது ஏழு மாசத்தில் அன்றைக்குத்தான்.

போன் கதையையும் முடித்துவிடுகிறேன். 2022-ல் ரெண்டு பேட்டரிக்கும் வயசாகிவிட்டது. ஐந்து வருஷம் ஆனால் எந்த பேட்டரிக்கும் ஆகும். மோட்டோவுக்கு ஜிகே40 என்ற பேட்டரி. ஜி4 ப்ளே, இ4 போன்களுக்கும் அதேதான். அதனால் ரிச்சி தெருவில் சுலபமாகக் கிடைத்தது. தம்பி பஸ் ஸ்டாண்டிலேயே மாற்றிக்கொண்டு வந்துவிட்டான். ரெட்மியில் பேட்டரி உள்ளே ஒட்டியிருக்கும். கடையில் கொடுத்தேன். ஒரு பையன் பின் மூடியைத் திறந்த வேகத்தில் கைரேகை ஒயரை அறுத்துவிட்டான். பேட்டரி விலையும் கூலியுமாகச் சேர்த்துத் தம்பி கொடுத்ததுபோல் ரெண்டு மடங்கு. ஆனால் அறுந்தது அப்பாவுக்கு உதவாத கைரேகைதானே! கடைக்காரப் பையனை அவர்தான் சமாதானப்படுத்தினார்.

ஆக, அன்றாடக் கணக்கில் என் தீர்ப்பு: வாங்குகிற நாளிலிருந்து நாலு வருஷம்வரை ரெட்மி. அதற்குப் பிறகு, கழற்றி மாட்ட முடிகிற மோட்டோ. மூவாயிரம் மிச்சம் என்று நான் போட்ட கணக்கு ஒரு மஞ்சளில் போயிற்று. ஆனால் அதை ரெட்மியின் செலவில் எழுத முடியாது, என் பேரில்தான் எழுத வேண்டும். தம்பி இந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. மேல்முறையீடு செய்திருக்கிறான்.

அவனும் இப்போது புது போன் வாங்கிவிட்டதால் மோட்டோவும் அப்பாவிடமே வந்துவிட்டது. ரெட்மியில் படிக்கும் முறையை மறுபடி போடச் சொன்னார். ராத்திரி அது டி.வி. ரிமோட், கண்ணுக்கும் எதம். மோட்டோ தறிப் பலகை மேல் இருக்கும். தார் உருண்டு குழிக்குள் விழுந்தால் ரெண்டு வெட்டு வெட்டி வெளிச்சம் போட்டுத் தேடுகிறார். கோபமாகப் பேசும்போது கையை ஓங்கினாலும் விளக்கு எரிந்துவிடுகிறது. அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது.

நேர் ஆர்டர்கள் மறுபடி வருகின்றன. போன வாரம் ஒரு பெண் கும்பகோணத்திலிருந்து படம் அனுப்பி, "இதே கலர் வேணும் அங்கிள்" என்று குரல் செய்தி போட்டிருந்தாள். அப்பா மோட்டோவில் பார்த்தார். ரெட்மியில் பார்த்தார். என் போனையும் வாங்கிப் பார்த்தார். பிறகு மைக்கை அழுத்திக்கொண்டு, தறிச் சத்தத்தை மீறிக் கத்தினார்:

"படம் நல்லா இருக்குதும்மா! அந்தத் துணியில ஒரு முழம் நூல் உருவி, கவர்ல போட்டுத் தபால்ல அனுப்பிடு!"